அடிபட்டவர் வாசலிலிருந்து தொடங்குவோம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக வாடகை, ரேஷன் அட்டை, குடிசை இடிப்பு, தமிழ்வழிப் பள்ளி என்று பேசுவோம். அவையெல்லாம் அடுத்தவர் நமக்குச் செய்யும் அநீதிகள். அவற்றைப் பற்றிக் குரலை உயர்த்திப் பேசுவது நமக்குச் சுலபம். இன்று நாம் பேசத் தயங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் இன்னொருவருக்குத் தீங்கு செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? அந்தத் தீங்கால் அடிபட்டவருக்கு நாம் என்ன செய்கிறோம்? இவை இரண்டும்தான் இன்றைய கேள்விகள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். பதினாறு வயதுப் பையன் ஒருவன். இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து, தெருவில் இட்லி விற்கிற ஒருவரின் சைக்கிளையும் அலுமினியப் பாத்திரங்களையும் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறான். மறுநாள் பிடிபடுகிறான். அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நடுத்தெருவில் கூட்டம் கூடி அடிப்பது. அதற்கு நாம் 'தர்ம அடி' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் தர்மம் ஒன்றும் இல்லை. யார் யாரோ தங்கள் அன்றாட ஆத்திரத்தை ஒரு பையனின் முதுகில் இறக்கி வைக்கிறார்கள். இரண்டாவது வழி, போலீஸ் ஸ்டேஷன். தாய் ஓடுகிறாள், தகப்பன் சம்பளத்தை விட்டுவிட்டு நிற்கிறான், தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைக்கிறான். மூன்றாவது வழி, பேட்டையில் செல்வாக்குள்ள யாரோ ஒருவர் உள்ளே வந்து, இவ்வளவு கொடு, அவ்வளவு வாங்கிக்கொள் என்று கணக்கை முடித்துவிடுவது.

இந்த மூன்று வழிகளிலும் ஒருவரைக் காணோம், கவனித்தீர்களா? இட்லிக்காரரைக் காணோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவை ஊற்றி அவித்து, ஏழு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டிய மனிதர் அவர். சைக்கிள் இல்லையென்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. பாத்திரம் இல்லையென்றால் அந்த வாரமே இல்லை. அடித்தவர்கள் அவரைக் கேட்டு அடிக்கவில்லை. ஸ்டேஷனில் அவர் வெறும் சாட்சி. பேட்டைப் பெரிய மனிதரின் பஞ்சாயத்தில் அவர் ஒரு தொகை. 'உனக்கு என்ன நேர்ந்தது, உனக்கு என்ன வேண்டும்' என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பையனிடமும், 'நீ யாருக்கு என்ன செய்தாய் என்று தெரியுமா' என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதற்கென்றே உலகத்தில் சில இடங்களில் ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். தீங்கு செய்த இளைஞனையும் அடிபட்டவரையும், இருவரும் சம்மதித்தால், ஒரு நடுவரின் முன்னிலையில் உட்காரவைத்துப் பேசவைப்பது. கெட்டதைச் சீர்செய்ய ஒரு உடன்பாட்டுக்கு வருவது. இதைச் சீராக்கும் நீதி என்று சொல்லலாம். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இருபத்திரண்டு கதவுகள்

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்று ஒரு சின்ன ஊர். 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, 18, 19 வயதுள்ள இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள், மாதா கோயிலையும் விடவில்லை. விடிவதற்குள் 22 இடங்களில் சேதம். யார் மீதும் அவர்களுக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. பிடிபட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அப்போது மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலரும், மெனனைட் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த டேவ் வொர்த் என்ற தொண்டரும் ஒரு யோசனை செய்தார்கள். இந்த இருவரும் தாங்கள் நாசம் செய்த வீடுகளுக்கே போய் அந்த மனிதர்களை நேரில் பார்த்தால் என்ன? சட்டத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. ஆனாலும் நீதிபதி கார்டன் மெக்கானெல் தண்டனையைத் தள்ளிவைத்து அதற்கு இடம் கொடுத்தார். இரண்டு இளைஞர்களும் கதவு கதவாகத் தட்டி, 'இதைச் செய்தது நாங்கள்தான்' என்று சொன்னார்கள். சிலர் கோபப்பட்டார்கள், சிலர் மன்னித்தார்கள். எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

மொத்த நஷ்டம் சுமார் 2,200 டாலர். ஏறத்தாழப் பாதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றிருந்தன. மீதியை இருவரும் பகிர்ந்து, ஆளுக்கு 550 டாலர் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் தனி. சில மாதங்களில் இருவரும் அதே கதவுகளை மறுபடி தட்டிப் பணத்தைக் கையில் கொடுத்து முடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியிலேயே இதே மத்தியஸ்தப் பணிக்குத் தொண்டராக வந்து சேர்ந்தார்.

அங்கிருந்துதான் இந்த முறை பக்கத்து நாடான அமெரிக்காவுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் பரவியது. தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது பணம் அல்ல. தபாலில் அனுப்பியிருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். கதவைத் தட்டும்போது ஒரு முகம் தெரிகிறதே, அதுதான் விஷயம். உடைந்தது 'ஒரு கண்ணாடி' அல்ல, இந்த அம்மாளின் கண்ணாடி என்று அந்தப் பையனுக்குத் தெரிகிறது. உடைத்தவன் பேயோ பூதமோ அல்ல, நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு பிள்ளை என்று அந்த அம்மாளுக்கும் தெரிகிறது. இரவில் தூங்கப் பயந்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

எப்படி நடக்கிறது இந்தச் சந்திப்பு?

இது இருவரைப் பிடித்து ஓர் அறையில் தள்ளிக் கைகுலுக்கச் சொல்லும் வேலை அல்ல. முதலில் நடுவர் இருவரையும் தனித்தனியே, பல தடவை சந்திக்கிறார். பையன் 'நான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுக்கிறவனுக்கு இந்த முறை கிடையாது. அவனுக்கு நீதிமன்றமும் வக்கீலும்தான் வழி. அடிபட்டவர் 'சந்திக்கிறேன்' என்று தாமாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு; காரணம் கேட்கக்கூடாது. பாதியில் எழுந்து போகவும் இருவருக்கும் உரிமை உண்டு.

சந்திக்கும் அன்று அவரவர் தங்களுக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். அடிபட்டவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். அவர் கேட்கும் கேள்விகள் நாம் நினைப்பவை அல்ல. 'ஏன் என் வீடு? என்னை முன்னாலேயே நோட்டம் பார்த்தாயா? மறுபடியும் வருவாயா?' இதற்கெல்லாம் நீதிமன்றத்தில் பதில் கிடைக்காது. பதில் தெரிந்தவன் ஒருவன்தான். பிறகு பையன் பேசுகிறான். கடைசியில் என்ன ஈடு என்று பேசுகிறார்கள். பணமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், படிப்பைத் தொடர்கிறேன் என்ற உறுதியாக இருக்கலாம். எழுத்தில் வைத்து, நிறைவேறுகிறதா என்று நடுவர் கவனிக்கிறார்.

ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றம் 2002ஆம் ஆண்டில் இதற்கு அடிப்படை நெறிகளை ஏற்றுக்கொண்டது. இருவரும் கட்டாயம் இல்லாமல் சம்மதிக்க வேண்டும். இதில் கலந்துகொண்டதையே பின்னால் வழக்கில் குற்ற ஒப்புதலாகக் காட்டக்கூடாது. இருவருக்கும் இடையிலுள்ள பலத்தின் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இந்தக் கடைசி நெறியைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் அதற்குத் திரும்புவோம்.

மாவோரி மக்கள் கேட்ட நீதி

இதில் அரசியல் எங்கே என்று சில தோழர்கள் கேட்கலாம். நியூசிலாந்தைப் பாருங்கள். அந்நாட்டின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். வெள்ளையர் ஆட்சியில் நிலம் போய், பிழைப்புக்கு நகரத்துக்கு வந்த அவர்களின் பிள்ளைகள்தாம் அரசாங்கத்தின் சீர்திருத்த இல்லங்களில் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டார்கள். அரசாங்கத்தின் அலுவலர்கள் குடும்பத்தைக் கேட்காமலே பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மாவோரி மக்கள் போராடினார்கள். ஜான் ரங்கிஹாவு தலைமையிலான குழு 1986இல் தந்த அறிக்கை, சமூக நலத்துறையில் இருக்கும் நிறவெறியை வெளிப்படையாக எடுத்துச் சொன்னது.

அதன் விளைவுகளில் ஒன்றாக 1989இல் ஒரு புதிய சட்டம் வந்தது. இளைஞர் செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் முடிவு சொல்லும் முன் 'குடும்பக் கூட்டம்' ஒன்று நடத்தியாக வேண்டும் என்பது அதன் நடுநாயகமான ஏற்பாடு. கொலை போன்ற குற்றங்கள் மட்டும் விலக்கு. பையன், அவன் தாய் தகப்பன், சித்தப்பா, பாட்டி, அடிபட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, செய்ததற்கு என்ன பரிகாரம் என்று திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டம் இளைஞர் நீதிமன்றத்தின் முன் போகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். மாவோரிப் பிள்ளைகள் இன்னும் தங்கள் மக்கள்தொகைப் பங்குக்கு மேலேயே வழக்குகளில் சிக்குகிறார்கள். வறுமையை ஒரு கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாது. ஆனால் 'எங்கள் பிள்ளையைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதே' என்று ஒரு மக்கள் கேட்டு வாங்கிய உரிமை அது. அதே கூட்டத்தில், 'உங்கள் பிள்ளை செய்ததற்கு நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள்' என்ற கடமையும் சேர்ந்தே வந்தது.

உரிமையும் கடமையும் சேர்ந்து வருவது நமக்கு ஏன் முக்கியம்? வந்த இடத்தில் வாழ்கிறவர்கள் நாம். ஒரு பையன் தவறு செய்தால் ஒரு பையனின் பெயர் கெடுவதில்லை. ஒரு சேரியின் பெயர், ஒரு மொழியின் பெயர் கெடுகிறது. 1960களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர் என்ற ஒரே காரணத்துக்காகக் கடைகள் தாக்கப்பட்ட கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அதே பார்வை நேற்று வந்த இன்னொரு மாநிலத்துத் தொழிலாளியின் மேல் விழுகிறது. நம் தெருவிலேயே அவனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்கள் உண்டு. நமக்கு நேர்ந்ததை இன்னொருவருக்கு நாம் செய்யக்கூடாது.

முத்திரையும் சட்டமும்

தமிழ்நாட்டு வரலாற்றில் 1920ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனியாக நடத்த வேண்டும் என்று இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு மாகாணம் சட்டம் செய்தது. அது சென்னை மாகாணத்துச் சிறுவர் சட்டம், 1920. வங்காளமும் பம்பாயும் பின்னால்தான் வந்தன. அதே 1920ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று கைரேகை பதிய மறுத்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கையால் 'பிள்ளை திருந்துவான்' என்று எழுதிய ஆட்சி, மறு கையால் 'இந்தப் பிள்ளை பிறக்கும்போதே குற்றவாளி' என்று எழுதியது. குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் ஒழிய 1952 வரை ஆனது. முத்திரை குத்துகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஒவ்வொரு தாயும் தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்கிறோம்.

பதினெட்டு வயது நிரம்பாதவரைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. கைவிலங்கு கூடாது. பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர எஃப்.ஐ.ஆர். போடாமல், நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழ்நிலை அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பையனின் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போடக்கூடாது. நமது சொந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக்கூடாது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

குற்றம் நிரூபணமானால் குழுமம் என்ன செய்யலாம்? புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், ஆலோசனைக் கூட்டங்களுக்குப் போகச் சொல்லலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தையில் விடலாம், கடைசியாகத்தான் சிறப்பு இல்லத்துக்கு, அதிகபட்சம் மூன்றாண்டு. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமலே பிள்ளைகளின் விவகாரத்தைத் தீர்க்கும் வழிகளை வளர்க்க வேண்டும் என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு பொதுக்கொள்கையாகவே சொல்கிறது. பதினாறு வயதைத் தாண்டியவர்கள் கொடுங்குற்றம் செய்தால் மட்டும் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி உண்டு. 2012 டிசம்பர் டில்லிக் கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் வந்த மாற்றம் அது.

பதினெட்டைத் தாண்டிய இளைஞர்களுக்கும் சில கதவுகள் உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால், வேறு வழி ஏன் பொருந்தாது என்று நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். நன்னடத்தையில் விடும்போது அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டை முதல் தடவையாகச் செய்தவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான்.

ஆக, கதவுகள் இருக்கின்றன. ஆனால் எல்மைராவில் நடந்ததுபோல் அடிபட்டவரையும் பையனையும் சந்திக்க வைப்பதற்கென்று நம் சட்டத்தில் தனியாக வகுத்த ஏற்பாடு இல்லை. குழுமத்தின் சமூகப் பணியாளர்களும் நன்னடத்தை அலுவலரும் மனம் வைத்தால் நடக்கலாம், வைக்காவிட்டால் இல்லை. வழக்குகளின் குவியலில் மனம் வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை. இந்த ஏற்பாட்டை அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது நம் போன்ற சங்கங்களின் வேலை.

இது கட்டப்பஞ்சாயத்து அல்ல

இந்த இடத்தில் சிலர் சிரிக்கலாம். 'இதைத்தானே எங்கள் அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்து செய்கிறார்' என்று நினைக்கலாம். இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கட்டப்பஞ்சாயத்தில் நடுவர் பலமுள்ளவர்; இங்கே நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லை. அங்கே அடிபட்டவர் சம்மதித்தே ஆக வேண்டும்; இங்கே அவர் மறுக்கலாம். அங்கே தொகையில் ஒரு பங்கு நடுவர் சட்டைப்பைக்குப் போகும். இங்கே காலணா கிடையாது. அங்கே சட்டத்துக்குத் தெரியாமல் நடக்கும். இங்கே குழுமத்துக்குத் தெரிந்து, எழுத்தில் நடக்க வேண்டும். கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் 2011இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சாதி வழக்கிலேயே கண்டித்திருக்கிறது.

முன்பு சொன்ன பலத்தின் ஏற்றத்தாழ்வுக்கு இப்போது வருகிறோம். சில விஷயங்களில் சமாதானம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. பெண்ணிடமோ குழந்தையிடமோ பாலியல் கொடுமை செய்தவனுக்காக ஒருவரும் சமாதானம் பேசப் போகக்கூடாது. 'இரு குடும்பமும் பேசி முடித்துவிட்டோம்' என்று காரணம் காட்டி ரத்து செய்யப்பட்ட அப்படி ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மறுபடி உயிர்ப்பித்தது. அதுபோலவே தீண்டாமைக் கொடுமை. சாதிப் பெயர் சொல்லி அடித்துவிட்டு, 'நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே தமிழர்கள்' என்று தோளில் கை போட வருவது சமாதானம் அல்ல; இரண்டாவது அடி. ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்த பிறகும் சாதியை மூட்டை கட்டி உடன் கொண்டுவந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்குச் சட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் ஒற்றுமைக்காக அடிபட்டவர் வாயை அடைக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் நாம் உடந்தையாக மாட்டோம். இதை இங்கே பதிவு செய்கிறோம்.

கேட்கப்படும் மூன்று கேள்விகள்

'இது பையன்களுக்குச் செல்லம் கொடுப்பதாகாதா?' என்பது முதல் கேள்வி. ஸ்டேஷனில் இரண்டு அறை வாங்குவதைவிட, தான் திருடிய மனிதரின் முகத்தைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது கடினம். அறை மறந்துபோகும். அறை வாங்கியவன் தன்னையே அடிபட்டவனாக நினைத்துக்கொள்வான். அவனுக்கு நிஜமாக அடிபட்டவர் கண்ணில் படவே மாட்டார்.

'திருந்துவார்கள் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?' என்பது இரண்டாவது. உத்தரவாதம் இல்லை. 2013இல் பத்துச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மறுகுற்றம் ஓரளவு குறைவதாகவும், அடிபட்டவர்களின் மனநிறைவு கூடுவதாகவும் சொன்னது. அதே ஆண்டில் இளம் வயதினரின் வழக்குகளை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, மறுகுற்றத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஆகவே மாய மருந்து என்று நாம் விற்கப் போவதில்லை. நிச்சயமான பலன் அடிபட்டவருக்கு. அதனால்தான் அவரை முதலில் வைக்கிறோம்.

'கையில் காசில்லாத பையன் எப்படி ஈடு கட்டுவான்?' என்பது மூன்றாவது. சரியான கேள்வி. பணத்தால் மட்டும் ஈடு என்றால், பணக்கார வீட்டுப் பையன் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். நம் பையன் உள்ளே போவான். அந்த அநீதிக்கு இடம் தரக்கூடாது. ஈடு என்பது உழைப்பாக இருக்கலாம், ஆனால் அது குழந்தைத் தொழிலாகவோ கொத்தடிமையாகவோ மாறிவிடக்கூடாது. படிப்பு கெடாமல், சில வாரங்களில் முடிகிற, கௌரவமான வேலையாக இருக்க வேண்டும். எல்லோர் எதிரிலும் தரையைப் பெருக்கு, காலில் விழு என்று அவமானப்படுத்துவது ஈடு அல்ல. அவமானம் பழியைத்தான் வளர்க்கும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, இவ்வளவு சொன்ன பிறகு நாளைக் காலையில் என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் இது வெறும் சொற்பொழிவாகிவிடும். ஐந்து காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று. நம் பகுதியில் ஒரு பையன் பிடிபட்டால், ஸ்டேஷனுக்கு ஓடும் அதே நேரத்தில், பையன் வீட்டோடு தொடர்பில்லாத இரண்டு பேர் அடிபட்டவரிடம் போக வேண்டும். 'புகாரை வாபஸ் வாங்கு' என்று கேட்கப் போகக்கூடாது. அது மிரட்டலாகிவிடும்; மிரட்டுவது சட்டப்படியும் குற்றம். 'காயம் எப்படி இருக்கிறது? இன்றைய பிழைப்புக்கு என்ன வழி?' என்று கேட்கவும், முடிந்ததைக் கைம்மாறு எதிர்பாராமல் செய்யவும் போக வேண்டும். இட்லிக்காரருக்கு மறுநாள் ஒரு இரவல் சைக்கிள் கிடைத்தால் அது நீதியின் முதல் படி. அடிபட்டவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் இதே முறைதான்.

இரண்டு. தர்ம அடியைத் தடுக்க வேண்டும். பெண்கள் நாலு பேர் குறுக்கே நின்றால் போதும், கூட்டம் கலையும். எத்தனையோ இடங்களில் நம் அக்காமார்கள் அப்படி நின்று காட்டியிருக்கிறார்கள்.

மூன்று. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மராத்தியோ கன்னடமோ இந்தியோ, வாசித்துத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வரும்வரை பொறுங்கள். பிள்ளைகள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் எல்லோருக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்கு. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். வயது வழக்கின் போக்கையே மாற்றிவிடும். ஊருக்கும் இங்கேயுமாக அலையும் நம் குடும்பங்களில் முதலில் தொலைந்துபோவது அந்தத் தாள்தான். பள்ளியை மாற்றும்போதெல்லாம் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து. சங்கத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக ஆறு பேர், உள்ளூர் மொழி தெரிந்தவர்களாக, குழுமத்தின் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும். 'எங்கள் பிள்ளைகளின் வழக்குகளில், இரு தரப்பும் விரும்பினால், உங்கள் மேற்பார்வையில் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். மொழிபெயர்க்கவும், உடன்பாடு நிறைவேறுகிறதா என்று பார்க்கவும் நாங்கள் வருகிறோம்' என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். நடுவராக நாமே உட்காரக் கூடாது. பையன் நம் பையன் என்றால் நாம் நடுவர் அல்ல, ஒரு தரப்பு. மற்ற மொழிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, இந்த ஏற்பாட்டைச் சட்டத்தில் இடம்பெறச் செய்யும்படி கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வழக்கு முடிந்து வெளியே வந்த பையனை நாம் எப்படி ஏற்கிறோம் என்பதில்தான் இதெல்லாம் நிற்கும். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, அந்த வழக்கு பிற்கால வேலைக்கோ படிப்புக்கோ தடையாக இருக்கக்கூடாது. பதிவேடும் உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். அரசாங்கமே அழிக்கச் சொல்கிற பதிவேட்டை நம் தெருத் திண்ணைகள் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. 'அவனா? டோங்கிரி போய் வந்தவனாயிற்றே' என்று பத்து வருடம் கழித்தும், பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொல்கிறோம். ஈடு கட்டியவனின் கடன் தீர்ந்தது. தீர்ந்த கடனுக்கு மறுபடி வட்டி கேட்பவன் கந்துவட்டிக்காரன். நம் தெருவில் அப்படி ஒருவரும் இருக்கக்கூடாது.

அடிபட்டவருக்கு மரியாதை, தவறியவனுக்குப் பொறுப்பு, இருவருக்கும் நடுவில் பயமில்லாத ஓர் இடம். இந்த மூன்றையும் ஒரு தொழிலாளர் சங்கம் தன் கொள்கையாக ஏற்றுக்கொள்ள முடியும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் அந்த ஆறு பேரின் பெயர்களைக் கொடுங்கள். தாய்மார்களிடமிருந்து மூன்று பெயராவது வரவேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.